மூடி போட்ட பொத்தான்

புது கன்சோல் வந்தாலே கிராபிக்ஸ் பேச்சுதான். எனக்கு 2002-ல் கேப்காம் எக்ஸ்பாக்ஸுக்கு வெளியிட்ட 'ஸ்டீல் பட்டாலியன்' ஞாபகம் வரும். அதோடு வந்த கண்ட்ரோலர் மேசையையே அடைக்கும்: சுமார் 40 பொத்தான்கள், மூன்று பெடல்கள். விலை 200 டாலர், கொஞ்சம் கிறுக்குத்தனம்தான்! அதில் மூடி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. நீங்கள் ஓட்டும் ராட்சத இயந்திரம் வெடிக்கப் போகிறதா? மூடியைத் திறந்து அதை அமுக்கித் தப்பிக்கணும். தாமதித்தால் விமானி காலி. சேமித்து வைத்த ஆட்டமும் அழிந்துபோகும்.

அந்தப் பதற்றத்தை எத்தனை பிக்சல் சேர்த்தாலும் கொண்டுவர முடியாது என்பது என் கட்சி. அதற்காக, வித்தியாசமாக இருந்தாலே போதும் என்றும் சொல்லமாட்டேன். 2012-ல் அதே வரிசையில் கினெக்டுக்கு ஒன்று வந்தது. பாதி வேலைக்குக் காற்றில் கையை ஆட்டணும். கேமராவோ கையைச் சரியாகப் பிடிக்கவில்லை; விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள்.