கடிகாரமும் கண்ணும்

வெட்டவெளியில் நடக்கிறான் ஒருவன். காலில் கல் இடறுகிறது. எப்படி வந்தது இக்கல் என்றால், என்றும் இங்கேயே கிடந்தது என்று சொல்லி நடந்துவிடலாம். ஆனால் அடுத்த அடியில் கிடப்பது கடிகாரம்! பற்சக்கரமும் சுருள்வில்லும் பொருந்தி, முள் நகர்ந்து மணி காட்டுகிறது. இதுவும் என்றும் கிடந்தது என்று சொல்ல எவருக்கு நா எழும்? செய்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். அங்ஙனமாயின், கடிகாரத்தினும் நுட்பமான கண்ணைச் செய்தவன் யார்?

வில்லியம் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1802-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' நூலின் வாயிலில் நிறுத்திய வினா இது. நம் தோழர்களிற் சிலர் இந்நூலைப் படியாமலே எள்ளி நகையாடுவர். படியாமல் நம்புவோனுக்கும் படியாமல் மறுப்போனுக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை. படித்தே மறுப்போம்.

வியப்பு என்னவெனில், பேலி எழுதுவதற்கு 23 ஆண்டுகட்கு முன்பே மறுப்பு அச்சேறிவிட்டது. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம் எழுதிய 'இயற்கைச் சமயம் குறித்த உரையாடல்கள்', அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1779-இல் வெளிவந்தது. அதில் ஃபைலோ என்னும் பாத்திரம் அடுக்கும் ஐயங்கள் கூர்மையானவை. வீட்டைக் கட்டுவோரைக் கண்டிருக்கிறோம். உலகைக் கட்டுவோரைக் கண்டவர் எவர்? ஒரு கப்பலைப் பலர் கூடிக் கட்டுகின்றனரே, உலகைக் கட்டியவர் ஒருவர்தாம் என்பதற்குச் சான்று யாது? உலகம் ஓர் இயந்திரம் போன்றது என்பதைவிட, விதையிலிருந்து முளைக்கும் செடி போன்றது என்று ஏன் கொள்ளலாகாது? துன்பம் மலிந்த இவ்வுலகைக் கண்டு, செய்தவன் நல்லவன் என முடிவுகட்டுவது எங்ஙனம்?

வினாக்கள் வீரியமானவை. எனினும் நடுநிலை தவறாது சொன்னால், ஹியூம் சுவரை இடித்தாரேயன்றி மாற்று மனை எழுப்பவில்லை. "சரி, கண் எப்படித்தான் வந்தது?" என்று பேலி கேட்டிருந்தால், தெளிந்த விடை அவரிடம் இல்லை.

அவ்விடைக்கு மிக அருகில் வந்து நின்றவர் பேலியே! தன்னைப் போன்ற மற்றொரு கடிகாரத்தை ஈன்றெடுக்கும் கடிகாரம் ஒன்றை அவர் கற்பனை செய்கிறார். அதைக் கண்டால் செய்தவன் திறம் மேலும் பெரிதாகத் தோன்றும் என்று முடித்துவிடுகிறார். ஈன்ற குட்டி தாயினின்று இம்மியளவு வேறுபட்டால்? வேறுபட்டவற்றுள் பிழைக்கத் தக்கது பிழைத்து, மற்றவை மாய்ந்தால்? இவ்வாறு இலட்சக்கணக்கான தலைமுறைகள் தொடர்ந்தால்? இவற்றை அவர் கேட்கவில்லை. விடை கையிலிருப்பதாகக் கருதியவருக்கு வினா எழவில்லை. நூலின் பெருங்குறை இதுவே.

கேட்டவர் சார்லஸ் டார்வின். கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோது பேலியைப் படித்து மகிழ்ந்தவர் அவர். பேலியின் வாதம் தமக்கு இன்பமளித்ததை முதுமையிலும் மறைக்கவில்லை. அவரே 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், செய்வோன் இன்றியே ஒழுங்கு பிறக்கும் வழியைக் காட்டினார். மனிதக் கண்ணில் நரம்பிழைகள் ஒளியுணரும் அணுக்களுக்கு முன்னால் படர்ந்து, விழித்திரையைத் துளைத்து வெளியேறுகின்றன, அவ்விடத்தில் பார்வையில்லை. ஆக்டோபசின் கண்ணில் இக்குறை இல்லை. கைதேர்ந்த கம்மியன் திட்டம் என்றால் இது புதிர். பரம்பரையாக வந்த மாற்றத்தின் தழும்பு என்றால் புரிகிறது.

வாதம் மாண்டதா? இல்லை, சட்டை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் ஊரில், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் புதுப்பெயருடன் வகுப்பறைக்குள் நுழைந்தது. டார்வின் கொள்கையை ஐயுறச் செய்யும் அறிக்கையை மாணவர்க்குப் படிக்குமாறு பள்ளி நிர்வாகக் குழு பணித்தது. 2005 சனவரியில் அறிவியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தனர். பெற்றோர் தொடுத்த வழக்கில், அது அறிவியலன்று, சமயக் கருத்தே என 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்.

கரும்பலகை முன் நிற்கும் நாம் அந்த ஆசிரியர்களை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். "கண் எப்படி வந்தது, ஐயா?" என்று கேட்கும் சிறுவனிடம், "ஆண்டவன் படைத்தான்" என்றால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். "வா, ஆராய்வோம்" என்றால் அங்கேதான் தொடங்கும். பேலியைப் படியுங்கள், தோழர்களே. அவர் நிறுத்திய இடத்தில் நீங்கள் நின்றுவிடாதீர்கள்!