கொடுக்கைக் கட்டாத தொட்டி

“வயிறு நிறைய தீனி போடுங்க, பக்கத்துல இருக்கிற மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.” தூத்துக்குடியில் கிரேஃபிஷ் வாங்கப் போகிறவர்களுக்குக் கடையில் கிடைக்கும் உத்தரவாதம் இதுதான். ‘லாப்ஸ்டர்’ என்ற பெயரில் நீலமும் வெள்ளையும் செம்மஞ்சளுமாக, ஆக்சிஜன் அடைத்த பைகளில் இந்தக் கொடுக்குள்ள நன்னீர் உயிர்கள் வந்து இறங்குகின்றன. தங்கமீனும் கப்பியும் மோலியும் நீந்தும் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இந்தக் கூட்டுக் குடித்தனத்துக்கு ஆதரவாக இப்போது ஒரு வாதமே உருவாகிவிட்டது. ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டுகளைப் போடு, வேகமான மீன்களாகப் பார்த்து வாங்கு, விளக்கை அணைத்ததும் தீனி கொடு, எல்லாம் சுமுகமாக நடக்கும் என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் அந்த வாதம் தவறு.

கிரேஃபிஷ் அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது கூழாங்கல்லைச் சுமந்துபோய்த் தன் வாசலை அடைப்பதை ஒரு பிள்ளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடுடைய உயிர் எப்படி வளர்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அது நன்றாகச் சொல்லித்தரும். ஓடு கட்டக் கால்சியம் தேவை என்பதால் நம் ஊர் உப்புத் தண்ணீரின் கடினத்தன்மைகூட அதற்கு ஒத்துக்கொள்கிறது. நான்கைந்து செ.மீ.க்கு மேல் வளராத மெக்சிகோ குள்ள இனங்கள், மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன்களோடு பெரிய சேதமில்லாமல் இருந்துவிடுகின்றன. இவ்வளவும் சரி.

ஆனால் கடையில் பெரும்பாலும் கிடைப்பது குள்ள இனம் அல்ல. வட ஆஸ்திரேலியாவிலிருந்து உலகெங்கும் பரவிய ‘ரெட் கிளா’ 20 செ.மீ.யையும் தாண்டும். அமெரிக்காவின் சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷும் புளோரிடாவின் நீல இனமும் விற்பனைக்கு வருகின்றன. நீல நிறத்தில் ஒன்று கிடைத்தால் அது இந்த மூன்றில் எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும்.

‘வயிறு நிறைந்தால் சும்மா இருக்கும்’ என்பது இந்த உயிரின் உடலமைப்பையே மறந்த பேச்சு. பாசி, அழுகிய இலை, செத்த மீன், உயிருள்ள மீன் என்று எதையும் அது தின்னும். நிறையத் தீனியும் நம் ஊர் வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் வளரும். வளர வளரக் கொடுக்கு பெரிதாகும். சமாதானத்துக்காகப் போடும் தீனியே ஆயுதத்தை வளர்க்கிறது. பகலில் குழாய்க்குள் கிடப்பது, விளக்கணைந்ததும் பிளாஸ்டிக் செடியையும் ஃபில்டர் குழாயையும் பற்றி மேலேறும். நீண்ட மீசை நீரைத் துழாவிக்கொண்டே போகும். அடியில் அசையாமல் தூங்கும் மீன்மேல் மீசை பட்டவுடன் கொடுக்கு மூடிக்கொள்ளும். காலையில் பார்த்தால் தங்கமீனின் வால் கத்தரியால் நறுக்கியதுபோல் நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்கும். வேகமான மீன் தப்பிவிடும் என்கிறவர்கள் பகலில் மட்டுமே தொட்டியைப் பார்க்கிறவர்கள்.

கிரேஃபிஷ் ஓடு கழற்றும் நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். அதற்கு முன்பே உடம்பிலுள்ள சுண்ணாம்பில் ஒரு பங்கை வயிற்றில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பழைய ஓட்டை விட்டு வெளியே வந்தபின் சில நாட்களுக்கு உடல் மெத்தென்று இருக்கும், நிற்கவே தடுமாறும். உரிந்த ஓட்டைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எடுத்துப்போடுகிற வீடுகள் உண்டு. அந்த ஓட்டைத் தின்றுதான் அது சுண்ணாம்பை மீட்க வேண்டும். இந்த நாட்களில் சிக்லிட் போன்ற மீன்கள் அதைக் கால் காலாகப் பிய்த்துவிடும். மருந்திலும் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. மீனின் வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் தாமிரம் கலந்த மருந்து மீனைப் பிழைக்கவைக்கும், கிரேஃபிஷைக் கொன்றுவிடும். இருவருக்கும் ஒரே சமயத்தில் நல்லதாக அமையும் நாள் அந்தத் தொட்டியில் மிகக் குறைவு.

இது நம் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. சேற்று நண்டை உயிரோடு விற்கும்போது கொடுக்கைக் கயிற்றால் கட்டித்தான் விற்கிறோம். கட்டாமல் ஒரே கூடையில் போட்டால் ஒன்றையொன்று வெட்டிவிடும் என்பது நண்டு வியாபாரி எல்லோருக்கும் தெரியும். ஓடு இறுகாத நண்டை விற்காமல் தனியே பிரித்துக் கொழுக்கவைக்கிறோம். இதெல்லாம் தெரிந்த ஊரில், கண்ணாடித் தொட்டி என்றதும் அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இதுவரை சொன்னது தொட்டிக்குள் நடக்கும் நஷ்டம். நாலைந்து மீன் போனால் நாலைந்து மீன் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். என் நெடுநாளைய ஆட்சேபம் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. சேர்த்து வளர்ப்பது, சில மாதங்களில் யாருக்கும் வேண்டாத ஒரு கிரேஃபிஷை உண்டாக்கிவிடுகிறது. பிள்ளை ஆசையாய் வளர்த்த மீனை அது தின்றிருக்கும். வீட்டில் சண்டை வரும். கடையில் திருப்பி வாங்கமாட்டார்கள். கொல்ல யாருக்கும் மனம் வராது. கடைசியில் யாராவது, “பாவம், பிழைச்சுப் போகட்டும்” என்று வாளியில் எடுத்துக்கொண்டு குளத்துக்கோ கால்வாய்க்கோ போவார்கள். தனியாக ஒரு தொட்டியில் இருந்திருந்தால் அதன்மேல் இந்தக் கோபமே வந்திருக்காது.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீன் தென்னமெரிக்காவுக்கு உரியது. இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுகிறவர்கள் அதை அலுத்துப்போய்க் கரையில் வீசுகிறார்கள். அதைச் சாப்பாட்டுக்கென்று இங்கே யாரும் வளர்க்கவில்லை. அலங்கார மீன் வியாபாரத்தின் வழியாகத்தான் அது வந்தது.

கிரேஃபிஷ் வெளியே போனால் செத்துவிடும் என்கிறார்கள். எதனால் சாகும்? தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால் கோரம்பள்ளம் குளம் வரைக்கும் வருகிறது; தென்கால் கடம்பாகுளத்துக்குப் போகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் காய்வதே நம் கடைமடைக் குளங்களின் வழக்கம். வற்றிய குளத்தில் சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷ் ஈரம் கிடைக்கும் ஆழம் வரை வளை தோண்டி, அடுத்த மழை வரும்வரை உள்ளே காத்திருக்கும். அந்த வளைகள்தான் மற்ற நாடுகளில் நெல் வயல் வரப்புகளையும் கால்வாய்க் கரைகளையும் ஒழுகவைத்தன. வெயில் கொல்லும் என்றால், ரெட் கிளா வெப்பமண்டல ஆறுகளில் பிறந்த இனம். உப்பு கொல்லும் என்றால், இரண்டுமே ஓரளவு உவர்நீரைத் தாங்கும். இந்திய நீர்நிலைகளுக்கென்று சொந்தமாகக் கிரேஃபிஷ் இனம் ஒன்றுகூடக் கிடையாது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு கெண்டை ஒன்று அந்த ஆற்றில் வாழ்கிறது. அதன் முட்டைக்கும் குஞ்சுக்கும் புதிதாக ஒரு எதிரியை நாமே கொண்டுபோய் விட வேண்டுமா?

யாரும் விடாமலே அது வெளியே போகவும் வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்கள் உடைந்து தூத்துக்குடித் தெருக்களிலும் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் முன்அறைத் தொட்டிக்கும் தெருவுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பும் இருக்கவில்லை.

ஒன்றிரண்டு போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் அந்நாட்டு மீன்தொட்டிகளில்தான் பளிங்கு கிரேஃபிஷ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. அதில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே குஞ்சு பொரிக்கும். ஒன்றே ஒன்று போதும். அது மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்தது. 2007க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அங்கே நூறு மடங்கு பரப்பில் பரவிவிட்டதாக 2018இல் வெளியான மரபணு ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதையும் சிவப்புச் சதுப்பு இனத்தையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. தவளைக்குத் தீனியாக 1927இல் சிவப்பு இனத்தை வரவழைத்த ஜப்பான், அதை விற்கவும் வெளியே விடவும் 2023இல்தான் தடை போட்டது. தொண்ணூற்றாறு ஆண்டு தாமதம்.

இந்தக் கடற்கரையில் பிழைக்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1994-95இல் வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரையின் இறால் பண்ணைகளைச் சாய்த்தது. குளம் குளமாக இறால் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வைரஸ் இறாலை மட்டும் தாக்குவதல்ல. நண்டு, சிங்கி இறால், கிரேஃபிஷ் எல்லாவற்றையும் பிடிக்கும். நோய் வெளியே தெரியாமலும் அவை அதைச் சுமக்கும். 2009இல் வன்னாமெய் இறாலுக்கு அனுமதி கொடுத்த அரசு, தாய் இறாலை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்கு அனுப்புகிறது. ஐம்பது ரூபாய்ப் பையில் வரும் கிரேஃபிஷ் எந்தப் பண்ணையில் பிறந்தது, எந்தச் சோதனையைத் தாண்டியது என்று கேட்டால் கடையில் பதில் கிடையாது. இறால் பண்ணை வேலைக்காரர் ஒருவரின் வீட்டுத் தொட்டியில் இது இருந்தால், அதே கை மறுநாள் காலையில் பண்ணைக் குளத்திலும் இறங்கும்.

மன்னார் வளைகுடாவில் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தாயிற்று. வருமானம் தரும் என்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அது மீனவப் பெண்களுக்குக் கூலியாவது கொடுத்தது. கிரேஃபிஷ் எதைக் கொடுக்கிறது? விரல் நீளக் குட்டி கையளவு வளரும், மீனைத் தின்னும் என்று தெரிந்தே, “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லி விற்பவரை வியாபாரி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘நான் ஒரு வருஷமா வெச்சிருக்கேன், ஒரு மீன்கூடச் சாகலை’ என்கிறவர்களின் சாட்சியத்தையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. அந்த ஒரு வருஷம் முடிந்தபின் கிரேஃபிஷ் எங்கே போனது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மீன்வளத் துறை கடைகளில் விற்கும் இனங்களைச் சோதித்து, இன்னது இன்னது விற்கக் கூடாது என்று பட்டியல் வெளியிட வேண்டும். இனம் பிரித்துச் சொல்ல ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1977 முதல் இதே ஊரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே அதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். காற்றுக்குழாய் போகும் ஓட்டையையும் சேர்த்து மூடி போடுங்கள். அந்தக் குழாயைப் பற்றித்தான் அது ஏறி வெளியே வரும். வளர்க்க முடியாவிட்டால் தனியாக வளர்க்கத் தயாராக இருப்பவருக்குக் கொடுங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் குளிரவைத்து ஃப்ரீசரில் முடித்துவிடுங்கள். மனம் கஷ்டப்படும்தான், ஆனாலும் குளத்தில் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அதைக் கால்வாயில் கொட்டாமல், வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.