விமானத்துக்குள் ஏறும் ஸ்ட்ரோலர்: யோயோ எதுவரை கைகொடுக்கும்?

கைக்குழந்தையோடு முதன்முறை விமானம் ஏறப்போகும் வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்பே பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவார்கள். டயபர், மாற்றுத்துணி, ஃபிளாஸ்க், காய்ச்சல் மருந்து என்று எழுதிக்கொண்டே போகும்போது கேள்விக்குறியோடு வந்து நிற்பது ஸ்ட்ரோலர்தான். கொண்டுபோவதா, வீட்டிலேயே விடுவதா? கொண்டுபோனால் லக்கேஜோடு போடுவதா, கையோடு உள்ளே எடுத்துச் செல்வதா?

“கேபின் சைஸ்” என்ற முத்திரையோடு விற்கப்படும் ஸ்ட்ரோலர்கள் இந்தக் கேள்வியை நம்பித்தான் சந்தைக்கு வந்தன. அவற்றில் பெயர்பெற்றது யோயோ. பிரான்ஸைச் சேர்ந்த பேபிஸென் நிறுவனம் 2012-இல் அறிமுகப்படுத்தியது. பின்னர் அந்த நிறுவனத்தை நார்வேயின் ஸ்டோக்கே வாங்கியது. இப்போது யோயோ3 ஸ்டோக்கேவின் பெயரில் விற்கிறது. விலை சாதாரண ஸ்ட்ரோலரைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்துக்கு விமானப் பயணத்தில் அது என்ன செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மடக்கும் ஸ்ட்ரோலருக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தொகுதியை வடிவமைத்தவர். தரையிறங்கும்போது பளுவைத் தாங்க வேண்டும், மேலெழும்பியதும் இறக்கைக்குள் மடங்கிவிட வேண்டும் என்பது அந்தத் தொகுதியின் வேலை. ஓய்வுக்காலத்தில் பேத்தியின் கனமான தள்ளுவண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்தவர், அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல் மடங்கும் ஸ்ட்ரோலரை உருவாக்கினார். 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வண்டியின் எடை சுமார் 2.7 கிலோதான். மடக்கினால் நீளமான கட்டாக நிற்கும். யோயோ மடங்கும் விதம் வேறு: நாலாபக்கமும் உள்ளே சுருங்கி, சிறிய பெட்டி அளவுக்கு வந்துவிடுகிறது. விமானத்தின் மேல்தட்டைக் குறிவைத்த வடிவம் அது.

மடக்கும் முறையைப் பார்ப்போம். முதலில் மேல்கூரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அடுத்து, கைப்பிடியின் இருபுறமும் உள்ள பொத்தான்களை அழுத்தி அதை முன்பக்கம் சாய்க்க வேண்டும். பிறகு இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அங்கிருக்கும் பொத்தானை அழுத்தியபடியே வாரை இழுத்தால் சட்டம் முழுவதும் மடங்கிக்கொள்ளும். விரிப்பது இன்னும் சுலபம். கொக்கியை விடுவித்து ஓர் உதறு உதறினால் போதும், வண்டி நின்றுவிடும். பழகிய கைக்கு இதெல்லாம் சில நொடி வேலை. பழகாத கைக்கு மூன்றாவது படிதான் சோதனை, ஏனென்றால் அந்தப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கே தேவைப்படுகிறது என்பது பாதுகாப்புச் சோதனை வரிசையில் தெரிந்துவிடும். குழந்தையை ஸ்ட்ரோலரில் உட்காரவைத்தபடி அங்கே கடக்க முடியாது. குழந்தையை வெளியே எடுக்க வேண்டும், வண்டியை எக்ஸ்ரே எந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். பின்னால் வரிசை நெருக்கும். முன்னால் தட்டுகள் நகர்ந்துகொண்டிருக்கும். “இந்தாங்க, பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க” என்று கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மடக்க முடிந்தால் சிரமமில்லை. தாய் தனியாக வந்திருந்தால் இடுப்பில் குழந்தை, ஒரு கையில் ஸ்ட்ரோலர். கூடைக்குள் வைத்த பால் புட்டியையும் துணிப்பையையும் எடுக்காமல் யோயோ முழுதாக மடங்காது என்பதையும் அந்த நேரத்தில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நாலைந்து முறை மடக்கி விரித்துப் பார்த்தவர் இந்த இடத்தை எளிதாகக் கடந்துவிடுவார்.

அடுத்து வருவது சென்டிமீட்டர் கணக்கு. மடக்கிய யோயோவின் அளவு 52 x 44 x 18 சென்டிமீட்டர். கைப்பைகளுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்லும் வழிகாட்டு அளவு 56 x 45 x 25. அதற்குள் யோயோ அடங்கிவிடுகிறது. “கேபின் சைஸ்” என்ற முத்திரைக்கு அடிப்படை இதுதான். ஆனால் ஐயாட்டாவின் அளவு ஒரு வழிகாட்டுதல் மட்டுமே. விதியை வகுப்பது ஒவ்வொரு விமான நிறுவனமும்தான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி பயணிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. யோயோவின் கூட்டுத்தொகை 114, அதாவது ஒரே ஒரு சென்டிமீட்டர் மிச்சம். ஏர் இந்தியா ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரம்பு வைத்து 55 x 40 x 20 என்கிறது. அந்தக் கணக்கில் யோயோவின் 44 சென்டிமீட்டர் அகலம் 4 சென்டிமீட்டர் கூடுதல். ஒரே வண்டி ஒரு நிறுவனத்தில் தேறுகிறது, இன்னொன்றில் தவறுகிறது. இந்த அளவுகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எகானமி கைப்பைக்குப் பரவலாக உள்ள வரம்பு 7 கிலோ. யோயோவின் எடையே 6 கிலோவைத் தாண்டும். ஸ்ட்ரோலரைக் கைப்பையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வேறு எதற்கும் இடமில்லை. குழந்தைக்கான பாலும் உணவும் பொதுவாகத் தனிக் கணக்கு. மாற்றுத்துணி, டயபர், விளையாட்டுச் சாமான்களை இன்னொருவர் பையில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

உள்ளே அனுமதிக்காவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான நிறுவனங்கள் கைக்குழந்தையின் ஸ்ட்ரோலரைக் கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே டேக் மாட்டிக் கொடுத்துவிடலாம். இறங்கும் ஊரில் அது விமான வாசலுக்கே வருமா, பெட்டிகள் சுற்றும் பெல்ட்டுக்குப் போகுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். இதைக் கேட்காமல் விட்டால், நடுவழியில் விமானம் மாறும் பயணத்தில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்க நேரும். யோயோவின் உண்மையான பயன் அங்கேதான் தெரிகிறது. மேல்தட்டில் இடம் கிடைத்திருந்தால், இறங்கிய மறுநொடி உதறி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து நடக்கலாம். தோளில் மாட்டிக்கொள்ள வாரும் இருப்பதால், படிக்கட்டு வழியாக ஏறும் சிறிய விமானங்களிலும் இரண்டு கைகளும் குழந்தைக்கே கிடைக்கும்.

பளிங்குத் தரையில் வெண்ணெய்போல் ஓடும் இதே வண்டி, சென்னையின் பெரும்பாலான நடைபாதைகளில் திணறும். சக்கரங்கள் சிறியவை. பெயர்ந்த சிமென்ட் கல்லும் சாலையோர மணலும் வந்தால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். ஊரில் தினமும் தள்ளுவதற்கென்று வாங்குபவர் பெரிய சக்கர வண்டியைப் பார்ப்பதே சரி. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு முழுதாகப் படுக்கவைக்கும் நியூபார்ன் பேக்கைத் தனியாக வாங்க வேண்டும் என்பது இன்னொரு செலவு. அந்த வயதில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியரே விமான நிலையத்துக்குப் போதுமானது.

விமானத்துக்குள் நுழைந்ததும் எந்த ஸ்ட்ரோலருக்கும் வேலையில்லை. அங்கிருந்து குழந்தையின் இடம் மடி, அல்லது தொட்டில். நீண்ட தூர விமானங்களில் முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். எமிரேட்ஸில் 11 கிலோ வரை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 14 கிலோ வரை என்று வரம்பு வேறுபடும். ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையையும் தொட்டிலிலிருந்து எடுத்தாக வேண்டும். இறங்கத் தொடங்கும்போது எப்படியும் மடிக்கு வந்துவிடும் என்பதால், பாலூட்ட அதுவே சரியான நேரம். விழுங்கும்போது காதடைப்பு விலகும்.

மடியில் இருக்கும் குழந்தைக்கு நம் விமானங்களில் ஒரு சிறு பெல்ட் தருவார்கள். தாயின் பெல்ட்டை அதிலுள்ள வளையத்துக்குள் நுழைத்து, குழந்தைக்குத் தனியாகப் பூட்ட வேண்டும். ஐரோப்பாவும் இதைப் பயன்படுத்துகிறது. ஆனால் அமெரிக்காவில் ஓடுபாதையிலும், ஏறும்போதும் இறங்கும்போதும் இதற்குத் தடை. மோதலில் பெரியவரின் உடல் முன்னே மடிந்து குழந்தையை நசுக்கக்கூடும் என்பதே காரணம். குழந்தைக்குத் தனி இருக்கையும் பாதுகாப்பு இருக்கையும் வாங்குங்கள் என்பதே அந்நாட்டு விமானத் துறையின் அறிவுரை. 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விபத்துக்குள்ளான யுனைடெட் 232 விமானத்தில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. விமானப் பணிப்பெண்களின் தலைவியாக அதில் இருந்த ஜான் பிரவுன், மடிப்பயணத்தை நிறுத்தக் கோரிப் பல ஆண்டுகள் போராடினார்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க முடிந்தவர்கள் யோயோவைவிட முதலில் பார்க்க வேண்டியது கேர்ஸ் என்ற வார்ப்பட்டை. அமெரிக்க விமானத் துறை ஒப்புதல் அளித்த இது, 10 முதல் 20 கிலோ எடையும் ஒரு மீட்டர் வரை உயரமும் உள்ள குழந்தைகளுக்கானது. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி, தோள்வார்களை விமான பெல்ட்டோடு கோத்துவிட வேண்டும். எடை அரை கிலோகூட இல்லை. கார் இருக்கையைத் தூக்கிச் செல்வதோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி.

ஸ்ட்ரோலர்களில் யோயோவுக்கு மாற்று தேடுவோருக்கு ஜிபி பாக்கிட் இருக்கிறது. மிகச் சிறிதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று 2014-இல் கின்னஸ் சாதனை பெற்றது. மடக்கினால் 35 x 30 x 18 சென்டிமீட்டர், எடை 4.3 கிலோ. மேலே சொன்ன எல்லா வரம்புக்குள்ளும் அடங்கிவிடும். ஆனால் யோயோவைப்போல் சாய்ந்து படுக்க அதில் வசதியில்லை. நீண்ட காத்திருப்பில் தூங்கும் குழந்தைக்கு அது பெரிய குறை.

ஆண்டுக்குப் பலமுறை பறக்கும் குடும்பம், நடுவழியில் விமானம் மாறும் பயணம், பெரியவர் ஒருவர் மட்டும் துணை என்ற நிலை இருந்தால் யோயோ விலைக்குரிய வேலையைச் செய்யும். சென்னையிலிருந்து ஒருமுறை நேராகச் சிங்கப்பூர் போய்த் திரும்புவதற்கு, வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்ட்ரோலரை விமான வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம். வாங்குவதாக முடிவெடுத்தால், பயணம் செய்யும் நிறுவனத்தின் வரம்பை அச்செடுத்து, கடையிலேயே மடக்கச் சொல்லி டேப்பால் அளந்து, எடை போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.