மீடிறனும் அதிர்வெண்ணும்

பௌதிகவியல் கலைச்சொற்களைக் கேலி செய்வது நம் பக்கத்தில் சுலபம். கல்முனையில் மின் தடைப்பட்டால் “கரண்ட் பெய்த்து” என்போமே தவிர, மின்னோட்டம் நின்றது என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இலங்கைப் பாடநூல்களுக்குச் சொல் ஆக்கியவர்கள் ஏனோதானோவென்று ஆக்கவில்லை. திசை பாராமல் அளப்பது கதி, திசையோடு அளப்பது வேகம். வாயு தருவது அமுக்கம், மின்னுக்கு அழுத்தம். ஆர்முடுகல், அமர்முடுகல் என்ற சோடியைக் கேட்ட பிள்ளைக்கு எது கூடுகிறது, எது குறைகிறது என்பதில் குழப்பமே வராது. ஒரு தந்தி அதிர, அதே மீடிறனுள்ள மற்றொன்று தானே அதிர்வதற்குப் பரிவு என்று பேர் வைத்தவருக்குக் காதும் இருந்திருக்கிறது.

எல்லாச் சொல்லும் அப்படி வாய்க்கவில்லை. இரண்டு அலைகள் சந்திப்பதைத் தலையீடு என்கிறோம். அங்கே எதுவும் எதிலும் தலையிடுவதில்லை. மேற்பொருந்திவிட்டு இரண்டும் தத்தம் வழியே போய்விடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் பிழையை அப்படியே சுமந்து வந்ததுதான் இது.

இதைவிடப் பெரிய சிக்கல் பாக்கு நீரிணையில் இருக்கிறது. சாய்ந்தமருதுப் பிள்ளை யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடமொன்றைத் திறந்தால் மீடிறன் அதிர்வெண்ணாகவும், சக்தி ஆற்றலாகவும், வலு திறனாகவும், நிலைமாற்றி மின்மாற்றியாகவும் வருகின்றன. தெரியாத சொல்லால் பெரிய கேடில்லை, தேடிப் பார்க்கலாம். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அங்கே வேகம் என்பது நமது கதி. நமது வேகம் அங்கே திசைவேகம். அங்கே வெறும் அழுத்தம் என்றால் நமது அமுக்கம். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் நமக்குப் பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்தவர். அந்த உறவு நீடிக்கவில்லை. சுயமொழிக் கல்வி வந்ததும் கொழும்பு தன் சொற்றொகுதிகளைத் தனியே ஆக்கிக்கொண்டது.

மூன்றாவது மேடு ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் காத்திருக்கிறது. உயர்தரம் முழுக்கக் காந்தப்பாயம் என்று கணக்குச் செய்தவர், தென்கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையில் ‘பிளக்ஸ்’ என்று கேட்டதும் ஏதோ புதுப் பாடம் என்று மிரளுகிறார். அப்படியானால் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் படிப்பிக்கலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனைக்கும் கல்முனைக்கும் என்ன செய்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 4,000 மீற்றர் ஆழக் கடலில் அந்த அலையின் கதி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். கரையை நெருங்க ஆழம் குறையும், கதி குறையும், அலைநீளம் சுருங்கும், வீச்சம் உயரும். மீடிறன் மட்டும் மாறாது. கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த விளக்கம் இத்தனை நேராகத் தமிழில்தான் போய்ச் சேரும்.

ஆகவே சொற்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அவற்றைப் பரீட்சைப் புள்ளித்திட்டத்துக்குள் பூட்டி வைக்கும் வழக்கத்தைத்தான் விட வேண்டும். ரியூஷன் வகுப்புகளில் சேர்மார் பேச்சில் ஆங்கிலச் சொல்லையும் பலகையில் தமிழ்ச் சொல்லையும் ஏற்கெனவே புழங்குகிறார்கள். பக்கத்திலேயே தமிழ்நாட்டுச் சொல்லையும் எழுத அரை நிமிடம் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத வேண்டாம். ஒரே எழுத்தில் இரு பொருள் தரும் வேகத்தையும் அழுத்தத்தையும் முதலில் எழுதட்டும்.