நெறியாளர் மரபுவழிப் பட்டியல்கள்: கணினி அறிவியலாளரின் ஆசிரியப் பரம்பரை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் நெறியாளர், அந்நெறியாளரின் நெறியாளர் எனப் பின்னோக்கிச் சென்று பல நூற்றாண்டுகளை இணைக்கும் மரபுவழிப் பட்டியல்கள் கணிதம், கணினி அறிவியல் ஆகிய துறைகளில் செல்வாக்குப் பெற்றுள்ளன. ஆலன் டூரிங், டொனால்டு நூத், கிரேஸ் ஹாப்பர் முதலியோரின் வரிசைகளைச் சான்றாகக் கொண்டு, இப்பட்டியல்கள் வெவ்வேறு வகை உறவுகளை ஒரே உறவாகக் காட்டுகின்றன என்பதையும், கணினி அறிவியலின் உருவாக்கத்தில் பங்கேற்ற பலரை வரிசைக்கு வெளியே நிறுத்துகின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நெறியாளர், மரபுவழி, முனைவர் பட்டம், கணினி அறிவியல் வரலாறு, சான்று.

முன்னுரை

அறிவு ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்குக் கைமாறி வருகிறது என்னும் எண்ணம் எல்லாப் பண்பாட்டிலும் உண்டு. அவ்வெண்ணத்தைத் தரவுத்தளமாக்கும் முயற்சிகளுள் பெரியது கணிதவியல் மரபுவழித் திட்டம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹாரி கூன்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் 1990களில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு இடம்பெயர்ந்தது. ஆய்வாளர் பெயர், பட்டம் அளித்த பல்கலைக்கழகம், ஆண்டு, ஆய்வேட்டின் தலைப்பு, நெறியாளர் பெயர் ஆகியவை அதில் பதிவாகின்றன. புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றையும் உள்ளடக்கி 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அது பட்டியலிடுகிறது.

இத்தகைய பட்டியலைக் கொண்டு இன்றைய கணினி அறிவியலாளர் ஒருவர் தம்மை ஆய்லரின் வழித்தோன்றல் என்றோ பெர்னூலியின் வழித்தோன்றல் என்றோ கூறிக்கொள்ள இயலும். அக்கூற்று எதை உணர்த்துகிறது, எதை மறைக்கிறது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

1. ஒரு வரிசையும் பத்து இணைப்புகளும்

டூரிங்கின் வரிசை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. டூரிங் (1938) பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் முனைவர் பட்டம் பெற்றார். சர்ச் (1927) ஆஸ்வால்டு வெப்லனிடமும், வெப்லன் (1903) சிகாகோவில் எலியாக்கிம் ஹேஸ்டிங்ஸ் மூரிடமும், மூர் (1885) யேல் பல்கலைக்கழகத்தில் ஹ்யூபர்ட் ஆன்சன் நியூட்டனிடமும் பட்டம் பெற்றனர். இதுவரை வரிசை உறுதியானது. நான்கு இணைப்புகளிலும் பல்கலைக்கழகம், ஆய்வேடு, நெறியாளர் என்னும் மூன்றும் உள்ளன.

ஐந்தாம் இணைப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. நியூட்டன் முனைவர் பட்டம் பெற்றவரல்லர். 1850இல் யேலில் இளங்கலை முடித்து, 1855இல் பேராசிரியராக நியமிக்கப்பட்டபின் பாரிஸ் சென்று மிஷேல் ஷாலின் விரிவுரைகளைக் கேட்டார். அக்கேள்வியே இங்கு நெறியாள்கையாகக் கொள்ளப்படுகிறது. ஷாலுக்கும் புவாசோனுக்கும், புவாசோனுக்கும் லாக்ராஞ்சுக்கும் இடையிலான ஆறாம், ஏழாம் இணைப்புகள் பாரிஸின் பல்தொழில்நுட்பப் பள்ளியில் அமைந்த வகுப்பறை உறவுகள். எட்டாவதாகிய லாக்ராஞ்ச் – ஆய்லர் இணைப்பு கடிதத் தொடர்பு. 1755இல் பத்தொன்பது வயதான லாக்ராஞ்ச் தூரின் நகரிலிருந்து, பெர்லினில் இருந்த ஆய்லருக்குத் தம் கணித முறையை விளக்கி எழுதினார். ஆய்லர் அதனை மதித்துப் போற்றினார். ஒன்பதாவதில், பாசெல் நகரில் இளைஞர் ஆய்லர் நூல்களைத் தாமே பயின்று, ஐயங்களைச் சனிக்கிழமை பிற்பகல்களில் ஜோஹான் பெர்னூலியிடம் கேட்டுத் தெளிந்தார். பத்தாவது, ஜோஹான் தம் தமையனார் ஜேக்கப்பிடம் கணிதம் பயின்ற குடும்ப உறவு. ஜோஹான் பெற்ற முனைவர் பட்டமோ தசைகளின் இயக்கம் குறித்த மருத்துவப் பட்டம்.

ஆகப் பத்து இணைப்புகளுள் நான்கே முனைவர் பட்ட நெறியாள்கை. எஞ்சிய ஆறும் விரிவுரை கேட்டல், வகுப்பில் பயிலல், கடிதம் எழுதுதல், ஐயம் தெளிதல், உடன்பிறந்தாரிடம் கற்றல் என வேறுபடுவன. இவை ஒவ்வொன்றும் அறிவுக் கைமாற்றமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனைத்தையும் ஒரே வகைக் கோட்டால் இணைக்கும்போது, 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஒரு நிறுவன உறவு 17ஆம் நூற்றாண்டிலும் நிலவியது போன்ற தோற்றம் எழுகிறது.

2. பட்டமும் நெறியாள்கையும்

நெறியாளர் என்னும் பதவிக்கு வரலாறு உண்டு. 1810இல் தொடங்கப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகம் ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்தது; ஆய்வு மாணவரை ஒரு பேராசிரியர் பொறுப்பேற்று வழிநடத்தும் முறை செருமானியப் பல்கலைக்கழகங்களில் அந்நூற்றாண்டில் வேரூன்றியது. அமெரிக்காவில் முதல் முனைவர் பட்டங்களை யேல் 1861இல் வழங்கியது. கேம்பிரிட்ஜில் அப்பட்டம் முதல் உலகப் போருக்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஆய்வுரை என்பதன் பொருளே வேறு. வாதத்திற்குத் தலைமை தாங்கும் பேராசிரியரே பெரும்பாலும் ஆய்வுரையை எழுதினார்; மாணவர் அவையில் அதனைத் தாங்கி வாதிட்டார். தாவரவியலாளர் லின்னேயசின் தலைமையில் உப்சாலாவில் வாதிடப்பட்ட 186 ஆய்வுரைகள் பெரிதும் அவருடைய எழுத்தே எனக் கருதப்படுகின்றன. இத்தகைய ஆய்வுரையின் முகப்பில் காணப்படும் தலைவர் பெயரை இன்றைய நெறியாளர் பெயராகக் கொள்வது காலவழுவாகும்.

நவீன காலத்திலும் இவ்வுறவு எப்போதும் நேரானதன்று. நூத்தின் வரிசை இதற்குத் தெளிவான சான்று. நூத் (1963) மார்ஷல் ஹாலிடமும், ஹால் (1936) யேலில் ஓய்ஸ்டைன் ஓரேயிடமும் பட்டம் பெற்றனர். ஓரே 1924இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தோரால்ஃப் ஸ்கோலமின் வழிகாட்டலில் பட்டம் பெற்றார். ஆனால் ஸ்கோலம் தம் முனைவர் பட்டத்தைப் பெற்றது 1926இல்தான். மாணாக்கர் ஆசிரியரை இரண்டு ஆண்டுகள் முந்திவிட்டார். ஸ்கோலமின் நெறியாளராகக் குறிக்கப்படும் அக்செல் தூ 1922இலேயே மறைந்தவர். எனவே இங்கு நெறியாளர் என்பது பெயரளவுக் குறிப்பேயன்றி, ஆய்வேட்டை உடனிருந்து வழிநடத்திய செயலைக் குறிப்பதன்று. பட்ட ஆண்டுகளை ஒப்பிடும் எளிய சோதனையே வரிசையின் உள்முரணை வெளிக்கொணர்கிறது.

3. துறையின் வயதும் வரிசையின் வயதும்

கணினி அறிவியல் தனித்துறையாக நிலைபெற்றது அண்மையில். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் முதல் கணினி அறிவியல் துறையை நிறுவியது. 1965இல் விஸ்கான்சினில் மேரி கென்னத் கெல்லர் என்னும் துறவியார் பெற்ற பட்டம் அந்நாட்டின் முதல் கணினி அறிவியல் முனைவர் பட்டங்களுள் ஒன்று. ஆகவே எந்தக் கணினி அறிவியலாளரின் வரிசையும் சில தலைமுறைகளுக்குள் வேறு துறைக்குள் நுழைந்துவிடும். நூத்தின் ஆய்வேடு இயற்கணிதமும் வடிவியலும் சார்ந்தது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் (1959) நெறியாளர் அட்ரியான் வான் வைங்கார்டன். அவருடைய நெறியாளர் கொர்னேலிஸ் பீசேனோவோ இயந்திரவியல் அறிஞர். இன்னும் பின்னே சென்றால் மருத்துவமும் இறையியலும் சட்டமும் எதிர்ப்படும்.

இதனால் எழும் வினா ஒன்று: வரிசையின் வழியே கைமாறி வந்தது எது? நூத் கணினியைக் கற்றது ஹாலிடம் அன்று. இளங்கலை மாணவராக இருந்தபோது கேஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஐபிஎம் 650 கணினியில் தாமே பயின்று கற்றார். 1968இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பெருநூல் வரிசை அக்கணினிக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. தம் கல்விக்கு மூலம் எது என்பதை நூலாசிரியரே வெளிப்படுத்தியுள்ள இச்சான்றுக்கு மரபுவழிப் பட்டியலில் இடமில்லை.

ஹாப்பரின் நிலையும் இத்தகையதே. அவரும் யேலில் ஓரேயிடம் 1934இல் பட்டம் பெற்றவர். எனவே பட்டியலின்படி ஹாலின் உடன்மாணாக்கர், நூத்துக்கு ஒரு தலைமுறை மூத்தவர். நிரல்பெயர்ப்பி வரலாற்றின் இரு பெரும் பெயர்கள் ஓரேயின் கிளைகளில் அமைவது, அக்கலை அவரிடமிருந்து பரவியது என்னும் மயக்கத்தை உண்டாக்கும். ஓரேயின் துறை எண்கோட்பாடும் இயற்கணிதமும் ஆகும். ஹாப்பர் கணினியை அறிந்தது 1944இல் ஹார்வர்டில் ஹோவர்டு அய்க்கனின் மார்க் 1 இயந்திரத்தில் கடற்படைப் பணிக்காக அமர்த்தப்பட்டபோது. 1952இல் அவர் உருவாக்கிய நிரல்பெயர்ப்பிக்கு வழியமைத்தது அந்தப் பணியிடமே. பட்டியல் காட்டுவது யேல் உறவை. வரலாறு காட்டுவது ஹார்வர்டு உறவை.

4. வரிசைக்கு வெளியே நிற்போர்

டூரிங்கிடம் மீண்டும் வரலாம். கணிப்புக்குரிய எண்கள் குறித்த அவருடைய 1936ஆம் ஆண்டுக் கட்டுரை, அவர் பிரின்ஸ்டன் செல்லும் முன்னரே கேம்பிரிட்ஜில் எழுதப்பட்டது. அதற்குத் தூண்டுகோல் 1935இல் மேக்ஸ் நியூமன் நிகழ்த்திய கணித அடிப்படைகள் பற்றிய விரிவுரைகள். டூரிங்கைப் பற்றிச் சர்ச்சுக்குக் கடிதம் எழுதி வழி திறந்தவரும் நியூமனே. கணினி அறிவியலின் மூல ஆவணமாகக் கருதப்படும் கட்டுரையின் பின்னணியில் நின்ற ஆசிரியர் பட்டியலின் கோட்டில் இல்லை. அக்கட்டுரைக்குப் பின் எழுதப்பட்ட ஆய்வேட்டின் நெறியாளர் இருக்கிறார்.

முனைவர் பட்டமே பெறாத அறிஞர்களும் உளர். டூரிங் விருது பெற்ற டோனி ஹோர், ராபின் மில்னர் ஆகிய இருவரும் ஆய்வுப் பட்டத்திற்குப் பயின்றவரல்லர். அவர்கள்வழி வந்த மாணாக்கரின் வரிசையை நேர்மையாக எழுதினால் அவர்களோடு அது நின்றுவிடும். 1946இல் அறிவிக்கப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களின் பணி ஆய்வேடாக அமையவில்லை. ஆகவே நிரலாக்கத்தின் தொடக்கத் தலைமுறை வரிசையில் தோன்றுவதேயில்லை.

சென்னையோடு தொடர்புடைய சான்றும் ஒன்று உண்டு. பேச்சுணர்தல் ஆய்வின் முன்னோடியும் 1994இல் டூரிங் விருது பெற்றவருமான ராஜ் ரெட்டி, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் முதுநிலைக் கல்வி முடித்து, 1966இல் ஸ்டான்போர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் முனைவர் பட்டம் பெற்றார். பட்டியலில் அவர் மெக்கார்த்தியின் மாணாக்கர் மட்டுமே. அவரைப் பொறியாளராக உருவாக்கிய கிண்டி ஆசிரியர்கள் அதில் இல்லை. இளங்கலைக் கல்வியை ஒரு நாட்டிலும் ஆய்வுப் பட்டத்தை வேறொரு நாட்டிலும் பெற்றோர் அனைவர்க்கும் இது பொருந்தும். பட்டம் வழங்கிய நாட்டின் மரபு நீள்கிறது. அடித்தளம் இட்ட நாட்டின் மரபு அழிகிறது.

5. புகழ்பெற்ற முன்னோர் எவ்வாறு கிடைக்கின்றனர்

வரிசையின் உச்சியில் ஆய்லரோ லைப்னிட்சோ அமைவது வழித்தோன்றலின் சிறப்புக்குச் சான்றாகக் கொள்ளப்படுவதுண்டு. பட்டியலின் அமைப்பை நோக்கினால் இது சான்றாகாது. ஒருவருக்கு ஒரே நெறியாளர் எனக் கொண்டால், பின்னே செல்லச் செல்ல வரிசைகள் ஒன்றிணையுமே தவிரப் பிரியமாட்டா. மாணாக்கர் இன்றி மறைந்தோர் எவருக்கும் முன்னோர் ஆகார். எனவே இன்றுள்ளோர் அனைவரும் எஞ்சி நின்ற சில கிளைகளிலேயே சென்று சேர்வர். ஒருவருக்கு இருவரோ மூவரோ நெறியாளராயின் பாதைகள் பெருகும். அப்போது புகழ்மிக்க பாதையைத் தேர்ந்து காட்டும் வாய்ப்பும் பெருகும். இருவகையிலும் பெரும்பெயர் கிடைத்தே தீரும். பல்லாயிரவர்க்குப் பொதுவான முன்னோர் ஒருவர், அவர்களுள் ஒருவரை மட்டும் சிறப்பித்தல் இயலாது.

6. பட்டியலின் பயனும் வேண்டும் திருத்தங்களும்

இக்குறைகளால் பட்டியல் பயனற்றதாகிவிடாது. 1860களுக்குப் பிற்பட்ட பகுதி ஆய்வுப் பள்ளிகளின் வளர்ச்சியை அறியத் தக்க மூலம். சர்ச்சின் மாணாக்கராக ஸ்டீபன் கிளீனி, பார்க்லி ராசர், டூரிங், மார்ட்டின் டேவிஸ், மைக்கேல் ராபின், டேனா ஸ்காட் ஆகியோர் அமைவது, கணிப்புக் கோட்பாடு பிரின்ஸ்டனில் செறிவுற்றதை உடனே காட்டுகிறது. அங்கும் கவனம் தேவை. ஸ்காட் பெர்க்லியில் ஆல்ஃபிரட் டார்ஸ்கியிடம் பயிற்சி பெற்ற பின்னரே சர்ச்சிடம் வந்தார்; அவர் சிந்தனையில் டார்ஸ்கியின் தாக்கம் தொடர்ந்தது.

எனவே மூன்று திருத்தங்கள் முன்மொழியத்தக்கன. முதலாவது, ஒவ்வோர் இணைப்பும் எவ்வகையினது என்பது குறிக்கப்பட வேண்டும்: ஆய்வேட்டு நெறியாள்கை, வாதத் தலைமை, விரிவுரை, கடிதத் தொடர்பு, பணியிடப் பயிற்சி என. இரண்டாவது, ஒவ்வோர் இணைப்புக்கும் ஆதாரம் சுட்டப்பட வேண்டும். மூன்றாவது, ஆதாரம் முடியும் இடத்தில் வரிசையும் முடிய வேண்டும். நூலின் சிதைந்த ஏட்டைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவாரேயன்றித் தம் சொல்லால் நிரப்பமாட்டார். அந்நெறி இங்கும் பொருந்தும்.

முடிவுரை

நெறியாளர் மரபுவழி என்பது பட்டத்தின் வரலாறு. அதனை அறிவின் வரலாறாகப் படிக்கும்போதே பிழை நேர்கிறது. டூரிங்கின் பத்து இணைப்புகளுள் ஆறு, முனைவர் பட்ட நெறியாள்கை அல்ல. ஓரே தம் நெறியாளருக்கு முன்னரே பட்டம் பெற்றார். நூத், ஹாப்பர் ஆகியோரின் கணினிக் கல்வி அவர்தம் நெறியாளரிடமிருந்து வந்ததன்று. நியூமனும் எனியாக் பெண்களும் கிண்டி ஆசிரியர்களும் கோட்டிற்கு வெளியே நிற்கின்றனர். கணினி அறிவியல் போன்ற இளந்துறையின் வரலாற்றை எழுதுவோர், நெறியாளர் பெயரோடு விரிவுரை மண்டபம், ஆய்வுக்கூடம், இயந்திர அறை, கடிதக் கட்டு ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளும்போதுதான், கற்பித்தவர் யார் என்னும் வினாவுக்கு உரிய விடை கிடைக்கும்.