விலகினாளா, விலக்கினார்களா? – மென்சொற்களின் இலக்கணம் பற்றி

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஊரடங்கு தளர்ந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பிள்ளை, மாத்தளை மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஒன்பது வருடம் மெஷினில் இருந்தவள், மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைக் கடதாசி.

"சேர், ஒரு கடிதம் எழுதித் தாங்க. வேலய உட்டு வெலகுறதா எழுதிக் கேக்கிறாங்க."

"நீங்க விலகப் போறீங்களா மகள்?"

"நான் எங்க சேர் வெலகுற? ஓடர் இல்லயாம். கொஞ்சப் பேர் வீட்டுக்குப் போகணுமாம். எழுதிக் குடுத்தா கடைசி மாசச் சம்பளம் ஒடனே கெடைக்குமாம். எனத்தச் செய்யிற?"

முப்பது வருடத்துக்கு மேல் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். வழக்கமான நடையில் அழகாக எழுதிக் கொடுத்தேன்: 'எனது சொந்த விருப்பின் பேரில் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே அவள் கையொப்பம் வைத்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வரி என்ன வேலை செய்தது என்பது சில மாதங்கள் கழித்து, தொழிற்சட்டம் தெரிந்த ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நமது நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் விசாரணை வரும், நட்டஈடு வரும். தானாக விலகியவருக்கு இது ஒன்றும் இல்லை. யாரும் அவரை நிறுத்தவில்லையே! சேவைக்காலப் பணிக்கொடை மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. மற்றதை எனது தமிழ் இல்லாமலாக்கியது.

விலகினாள், விலக்கினார்கள். நடுவில் இருப்பது ஒரு 'க்' மட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை என்று நான் எழுதிப்போட்ட அதே பாடம். திருந்தினான், திருத்தினான். மாறியது, மாற்றினார்கள். அகன்றது, அகற்றினார்கள். முதலாவதில் செயல் தானாக நடக்கிறது. இரண்டாவதில் செய்தவர் ஒருவர் இருக்கிறார்.

மென்மையாகப் பேசுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. நமது மொழி அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. கூச்சம் தரும் சொல்லை மறைத்துச் சொல்வது முதலாவது. துக்கம் தரும் சொல்லை நல்ல சொல்லால் சொல்வது இரண்டாவது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்வது மூன்றாவது.

நமது வீடுகளில் முதல் இரண்டும் நிறைய உண்டு. கர்ப்பிணியை 'முழுகாம இருக்கிறா' என்கிறோம். வாசலை விட்டு இறங்கும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாறேன்' என்கிறோம். செத்துப்போனார் என்பது நமது வாயில் வராது, மௌத்தாகிவிட்டார், வபாத்தாகிவிட்டார். பிணம் என்பதில்லை; மையித்து, ஜனாஸா. இந்தச் சொற்கள் எதையும் ஒளிக்கவில்லை. மௌத்து என்றால் என்ன என்பது கேட்கிற பிள்ளைக்கும் தெரியும். கேட்பவரின் மனம் நோகாமல் உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, அவ்வளவுதான்.

கந்தோரிலும் ஊடக அறிக்கையிலும் வரும் மென்சொல் வேறு இனம். அதன் உடுப்பு மங்கலம், வேலை குழூஉக்குறி. அது கேட்பவரைக் காப்பதில்லை, செய்தவரைக் காக்கிறது. அதற்கு அது பயன்படுத்தும் கருவி பெரும்பாலும் அந்த ஒரு 'க்'தான். பிறவினையைத் தன்வினை ஆக்கிவிடும்.

இந்த நாட்டுத் தமிழில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 'காணாமல் போனோர்' என்று பல வருடம் எழுதினோம். சந்தைக்குப் போன ஆடு காணாமல் போகும். வீட்டுக்குள் வந்து கொண்டுபோன மகன் எப்படிக் காணாமல் போவான்? வீதியில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மார்தான் தமிழுக்கு 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லை நிலைநிறுத்தினார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரிலோ இன்னும் 'காணாமற்போன' என்பதே இருக்கிறது. பெயர்ப்பலகை ஓர் இலக்கணத்தில், வாசலில் நிற்கும் தாய் இன்னோர் இலக்கணத்தில்.

வடக்கு முஸ்லிம்களின் கதையும் இதுதான். 1990 ஒக்டோபரின் கடைசியில் சுமார் 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் ஊரை விட்டுத் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். அரச பட்டியலிலும் நிவாரண அட்டையிலும் அவர்கள் 'இடம்பெயர்ந்தோர்' ஆனார்கள். பறவை இடம்பெயரும். அந்த மக்களும் அவர்களது எழுத்தாளர்களும் 'வெளியேற்றம்' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சொல்லாசையால் அல்ல. இடம்பெயர்ந்தவர் தான் விரும்பினால் திரும்பிப் போகலாம். வெளியேற்றப்பட்டவருக்கு யாரோ பதில் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் தம்புள்ளை. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. பிக்குமார் முன்செல்ல ஒரு பெருங்கூட்டம் அங்குள்ள ஹைரியா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. அன்றைய ஜும்ஆ நடக்கவில்லை. இரண்டு நாளில், பௌத்த சாசன அமைச்சையும் தன்னிடம் வைத்திருந்த பிரதமர் தி.மு. ஜயரத்ன பள்ளிவாசலை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்படி பணித்தார் என்ற செய்தி வந்தது.

அந்தக் கிழமையின் பத்திரிகைத் தமிழை இன்று நினைத்துப் பார்க்கிறேன். தாக்குதல் 'சம்பவம்' ஆனது. உள்ளே புகுந்தவர்கள் 'ஒரு சாரார்'. ஒரு பக்கம் அடித்ததும் மற்றப் பக்கம் பயந்ததும் சேர்ந்து 'முறுகல்நிலை'. எல்லாவற்றுக்கும் மேலே 'இடமாற்றம்'. சேவைக்காலத்தில் எனக்கும் இடமாற்றம் வந்திருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஸ்கூலுக்குப் போனேன், சம்பளம் குறையவில்லை. ஆசிரியருக்கு வருவது இடமாற்றம். பல தசாப்தமாகத் தொழுத பள்ளிக்கு வந்தால் அதற்குப் பெயர் அகற்றல். பக்கத்தில் அம்மனை வைத்துக் கும்பிட்ட தமிழ்ச் சனங்களுக்கும் இதே சொல்தான் சொல்லப்பட்டது. அவர்களது கோவில் 2013இல் இடிக்கப்பட்டது. இடமாற்றம் என்ற சொல்லுக்குள் கடப்பாரையும் இருந்தது.

கொரோனாக் காலத்தில் நடந்தது சற்று வித்தியாசமானது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி மென்மையாக ஒன்றும் பேசவில்லை. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடல் முழுமையாக எரிய வேண்டும் என்று அளவோடு எழுதியிருந்தது. மென்மை வேறு இடத்திலிருந்து வந்தது. தீர்மானித்தவர் யார் என்று கேட்டால் 'நிபுணர் குழு'. ஏன் என்றால் 'நிலக்கீழ் நீர்'. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் இந்த இரண்டு சொல்லும் பத்து மாதம் தாங்கி நின்றன. 'தகனம்' என்பது இந்துக்களிடமும் பௌத்தர்களிடமும் மரியாதையான சொல். மகன் தகப்பனுக்குச் செய்யும் கடமை. அதைத் தூக்கி நமது ஜனாஸா மீது வைத்தபோது அது மரியாதைச் சொல்லாக இருக்கவில்லை. அதனால்தான் நம் சனங்கள் 'ஜனாஸா எரிப்பு' என்றார்கள். கரடுமுரடான சொல்தான். ஆனால் எரித்தவர் ஒருவர் உண்டு என்று அது சொன்னது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். மன்னிப்பு என்பது செய்தவர் இருந்தால் மட்டும் கேட்கக்கூடியது. அந்தத் 'தன்வினை' மறுபடி பிறவினையாக நாலு வருடம் பிடித்தது.

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றி. நம்மைப் பற்றியும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு மென்சொல்லாகிவிடும்.

தம்புள்ளைக்குப் பிறகு, மாவட்டத்தில் ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டது. தங்கள் பள்ளிக்குக் கல்லெறிந்ததைப் பற்றிய கடிதம். நான் 'தாக்கினார்கள்' என்று எழுதினேன். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சேர், அது கொஞ்சம் சூடு. 'அசம்பாவிதம் இடம்பெற்றது' எண்டு போடுங்க. நாங்க இங்க வாழணுமே." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இந்த மாவட்டத்தில் நாம் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கடை திறக்க வேண்டும், பிள்ளை பஸ்ஸில் போக வேண்டும். போட்டேன். கடிதத்துக்கு வந்த பதிலில் 'இடம்பெற்றதாகக் கூறப்படும் அசம்பாவிதம்' என்று இருந்தது. நாம் ஒரு படி இறங்கினோம், அவர்கள் இன்னொரு படி இறக்கினார்கள். அதன் பிறகு முறைப்பாடு என்று எதைக் கொண்டுபோவது? செய்தவர் இல்லை, செய்ததும் நிச்சயமில்லை.

பெரியவரின் பயத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறதா என்று பிறகு நான் நிறைய யோசித்ததுண்டு. மூஸா, ஹாரூன் அலைஹிமஸ்ஸலாம் இருவரையும் பிர்அவ்னிடம் அனுப்பும்போது மென்மையாகப் பேசும்படி கட்டளை வந்ததை சூரா தாஹாவில் ஓதுகிறோம். கொடுங்கோலனிடம்கூட கௌலன் லய்யினா. ஆனால் அங்கே போய் அவர்கள் சொன்னது என்ன? இஸ்ராயீலின் மக்களை எங்களோடு அனுப்பிவிடு, அவர்களை வேதனை செய்யாதே. யார் வேதனை செய்கிறான் என்பதில் எந்த மறைப்பும் இல்லை. தொனி மென்மை, விஷயம் நேர். சூரா அஹ்ஸாபில் வரும் கௌலன் ஸதீதாவும் இந்த நேர்மையைத்தான் கேட்கிறது. நாம் இதைத் தலைகீழாக்கிக்கொண்டோம். முகநூலில் தொனியைச் சூடாக்குகிறோம், கடிதத்தில் விஷயத்தை ஆறவைக்கிறோம். பிற சமயத்தாரைத் தூற்றும் ஒரு பதிவுக்கு உள்ள துணிச்சல், 'இன்ன நாளில் இன்னார் செய்தார்' என்று பொலிஸில் எழுதிக் கொடுக்க இருப்பதில்லை. 'சுமுகமாகத் தீர்த்துக்கொண்டோம்' என்று நமது நிர்வாகங்கள் அறிக்கை விடும்போதும், நமது கடைகளில் வேலை செய்யும் பொடியனை நிறுத்திவிட்டு 'அவரா நிண்டுட்டார்' என்று சொல்லும்போதும் அதே 'க்'கை நாமும்தான் களவெடுக்கிறோம்.

அந்தப் பிள்ளையிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது. "தெரிஞ்சிருந்தா நீங்க எழுதியிருக்க மாட்டீங்க சேர்" என்றாள். அதுவும் ஒரு மென்சொல்தான். கேட்பவரைக் காப்பாற்றச் சொன்னது. இடக்கரடக்கல் என்றால் என்ன என்று இவ்வளவு நாள் படிப்பித்த எனக்கு அவள் அன்று படிப்பித்தாள்.

இப்போதும் ஆட்கள் கடிதம் கேட்டு வருகிறார்கள். பேனை எடுக்க முதல் ஒன்றைக் கேட்கிறேன்: "யார் சொல்லி எழுதுறீங்க?" சென்ற வருடம் வந்த ஒரு தம்பிக்கு, 'முகாமையாளர் என்னிடம் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்ற மூன்றே சொல்லை விலகல் கடிதத்தின் தொடக்கத்தில் சேர்த்துக் கொடுத்தேன். மரியாதையான சொற்கள்தான், ஒன்றிலும் சூடு இல்லை. மறுநாளே கடிதம் திரும்பி வந்தது. அந்த மூன்று சொல்லையும் வெட்டிவிட்டு எழுதித் தரட்டுமாம். தம்பி வெட்டவில்லை. கடிதத்தின் பிரதியோடு தொழில் திணைக்களத்துக்குப் போயிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை.