ஊர்ப்பெயரை அடித்துப் பாருங்கள்

புது எழுத்துரு ஒன்று கைக்கு வந்தால் ஆங்கிலக்காரர்கள் நரி, நாய் மேல் தாவுகிற அந்தப் பழைய வாக்கியத்தை அடித்துப் பார்ப்பார்கள். இருபத்தாறு எழுத்தும் அதில் வந்துவிடும். தமிழுக்கு அப்படியொரு வாக்கியம் தேவையென்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு ஊர்ப்பெயர் போதும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். பஸ்ஸில் அரை மணி நேர இடைவெளியில் இருக்கிற இந்த இரண்டு ஊரும் பெயரை எழுதிக் காட்டும்போது ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஓர் எழுத்துருவின் குணத்தை இவை சொல்வதுபோல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். தொடக்கத்திலேயே ஸ்ரீ. நான்கு குறிகள் சேர்ந்து ஒரே உருவாகும் கூட்டெழுத்து. சோம்பேறி எழுத்துருவில் அது சேராமல் ஸ், ரீ என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அங்கேயே அந்த ஃபான்டை மூடிவிடலாம். அடுத்து ‘வில்லி’. விசிறி, புள்ளி, மறுபடி விசிறி. ‘வி’யின் வளைவு இறங்கி முடியும் இடத்தில் ‘ல்’லின் புள்ளி உட்கார வேண்டும், அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ‘லி’யின் வளைவு மேலேற வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் கையில் இந்த மூன்றும் மூச்சு விட இடம் வைத்து வரும். அதன் பிறகு பெயர் அப்படியே கீழே பாய்கிறது: பு, த், தூ. மூன்றுக்கும் அடிக்கோட்டுக்குக் கீழே வேலை உண்டு. கடைசியில் ‘ர்’. பல எழுத்துருக்களில் புள்ளி வைத்த இந்த ரகரத்துக்குக் கீழ்ச் சாய்வு இருக்காது. காலுக்கு மேல் புள்ளி வைத்ததுபோல நிமிர்ந்து நிற்கும்.

அந்தச் சாய்வைப் பார்க்க வேண்டுமானால் ராஜபாளையத்துக்குப் போக வேண்டும். முதல் எழுத்தே ‘ரா’. ரகரமும் துணைக்காலும் ஒரே அச்சு. வித்தியாசம் அந்தச் சின்னச் சாய்வு மட்டும்தான். சாய்வு பக்கத்துக் காலை இடித்தால் அசிங்கம். அதற்குப் பயந்து காலைத் தள்ளி வைத்தால் பெயரின் வாசலிலேயே ஓட்டை. பிறகு ஜ, பா, ளை, ய, ம். எல்லாம் அகலமான எழுத்துகள், தரையில் பரவி உட்காருபவை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஓர் எழுத்துருவின் உயரத்தைச் சோதிக்கிறது, ராஜபாளையம் அகலத்தை.

இதையெல்லாம் பார்த்து ஃபான்ட் தேர்ந்தெடுப்பவர் எத்தனை பேர்? மிகச் சிலர். மற்ற எல்லோருக்கும் வேறு யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வேர்டு கோப்பின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே தீம் என்ற அடைவைப் பார்த்தால் உலக மொழி வரிவடிவங்களுக்கெல்லாம் வரிக்கு ஒன்றாக ஒரு பட்டியல் இருக்கும். தேவநாகரிக்கு மங்கள், தெலுங்குக்கு கௌதமி, கன்னடத்துக்கு துங்கா, மலையாளத்துக்கு கார்த்திகா, தமிழுக்கு லதா. விண்டோஸ் 2000இல் வந்த லதாவை வடிவமைத்தவர் மும்பையைச் சேர்ந்த எழுத்துக்கலைஞர் ஆர்.கே. ஜோஷி. தேவநாகரி மங்களும் அவருடையதுதான். நம் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, மில் நோட்டீஸ், சங்கத் தீர்மானம் என்று ஒரு தலைமுறைக் காகிதங்களின் முகத்தை அந்த ஒற்றை வரி முடிவு செய்திருக்கிறது.

லதாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே தடிமன், அகலமான உடல், ஒளிவுமறைவு இல்லாத வடிவம். அன்றைய மங்கலான திரைகளில் எந்த எழுத்தும் இன்னொன்றாக மயங்காமல் நின்றது பெரிய காரியம். ஆனால் காகிதத்தில் நாலு பக்கம் படித்தால் கண் சலிக்கும். கோடு தடித்து மெலிகிற ஓட்டம் அதில் இல்லை. ஆங்கிலப் பத்திக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டால் அந்த வரி மட்டும் மேலும் கீழும் தள்ளிக்கொண்டு நிற்பதும் அதன் பழக்கம்.

ஆனால் லதா போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் வருவதற்கு முன்னால் இந்த ரசனைப் பேச்சுக்கே இடமில்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கோர்ட் இருக்கிற ஊரில் டிடிபி கடை இருக்கும். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று நாளெல்லாம் தமிழ் அடிப்பார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உள்கணக்கு. பாமினியில் ‘ராஜபாளையம்’ என்று அடித்த சொல்லை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால் யு, எச், சதுர அடைப்புக்குறி, ஜி, எச், ஐ, எஸ், ஏ, கே, அரைப்புள்ளி என்று வரும். எழுத்துரு மாறினால் அழகு கெடுவதோடு போகாது. மொழியே காணாமல் போய்விடும்.  அன்று டீஃபால்ட் ஃபான்ட் என்பது விருப்பமில்லை, கட்டாயம்.

அரசு அலுவலகங்களில் நெடுநாள் ஓடியது வானவில் அவ்வையார். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறி எழுத்தையும் அதன் உருவத்தையும் பிரித்து வைத்தது. ‘ளை’ என்பது எந்த எழுத்துருவிலும் ‘ளை’தான், அது எப்படித் தோன்ற வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில். தமிழில் எழுத்துரு ரசனைக்குரிய பொருளானது அன்றிலிருந்துதான் என்று சொல்வேன்.

பழைய காலத்தின் தழும்பு ஒன்று இன்னும் ஆறவில்லை. இணையத்தில் செய்தி படிக்கும்போது ‘ஸ்ரீவில்லிபுத்துார்’ என்று வருகிற இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ‘தூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘து’வும் பக்கத்தில் ஒரு துணைக்காலும் இருக்கும். பழைய எழுத்துருக்களில் துகரத்தோடு காலைச் சேர்த்துத் தூகாரம் ஆக்குகிற வழக்கம் ஒருங்குறிக்கு மாற்றும்போது அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. அச்சில் தெரியாது. திரையில் மயிரிழை இடைவெளி தெரியும். தேடுபொறிக்கு அது வேறு ஊர்.

பெயரின் தொடக்கமும் இதே வம்புதான். 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பு ‘ஶ’ என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்தது. அதன் பிறகு ஸ்ரீயை ஸகரத்திலிருந்தும் கட்டலாம், ஶகரத்திலிருந்தும் கட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். வாக்காளர் பட்டியல்போல நீண்ட கோப்பில் ஒன்றை அடித்துத் தேடினால் மற்றது அகப்படாது. திருவில்லிபுத்தூர் என்று எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ராஜபாளையத்தின் ‘ளை’க்குத் தனிக் கதை. குடியரசு இதழில் பெரியார் 1935இல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை நான்கும் அதற்கு முன் இணைக்கொம்பு இல்லாமல், எழுத்தின் தலையிலேயே தும்பிக்கைபோல ஒரு சுழி ஏறிய வடிவத்தில் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் மாதிரி ஓரிடத்தில் பழைய புத்தகத்தைப் பிரித்தால் அந்தத் துதிக்கை லைகளும் னைகளும் பக்கத்துக்குப் பக்கம் தலைதூக்கும். எனக்கு அவை அழகுதான். புது வடிவம் கற்பவருக்கு எளிது என்பதையும் மறுக்க மாட்டேன். லோஹித் தமிழ் கிளாசிக்கல் என்றொரு இலவச எழுத்துரு இருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அதற்கு மாற்றினால் ராஜபாளையம் 1978க்கு முன்னால் போய் நிற்கும்.

    இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற நெடுஞ்சாலை தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கொல்லத்தில் முடிகிறது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தை அச்சில் வார்த்து ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்க நூலை 1578இல் அடித்த ஊர் அது.

சரி, டீஃபால்ட்டை மாற்றுவது எப்படி? வேர்டில் கன்ட்ரோலோடு டி அழுத்தினால் ஃபான்ட் பெட்டி திறக்கும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் எழுத்துருவுக்கு இரண்டு இடம் உண்டு: ஒன்று ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துக்கு, மற்றது ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் நமக்கு. ஆஃபீஸின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்காவிட்டால் இரண்டாவது கண்ணிலேயே படாமல் போகலாம். முதல் இடத்தில் எதை மாற்றினாலும் தமிழ் அசையாது. இரண்டிலும் தேர்ந்துகொண்டு, ‘செட் ஆஸ் டீஃபால்ட்’ அழுத்தி, எல்லாக் கோப்புக்கும் என்று சொன்னால் நார்மல் என்ற வார்ப்புருவில் ஏறிவிடும். லிப்ரே ஆஃபீஸில் கருவிகள், விருப்பங்கள், ரைட்டர் என்று போனால் அடிப்படை எழுத்துருக்கள் என்று தனிப் பக்கமே இருக்கிறது.

லத்தீன் இடத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. தமிழ்ப் பத்தியில் வருகிற எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. நூற்பாலைக் கடிதத்தில் நூல் எண், எடை, தேதி என்று வரிக்கு நாலு எண் வரும். நடுவில் 2007இன் கலிப்ரியோ 2023இன் ஆப்டோஸோ வந்து உட்கார்ந்தால் தமிழின் தடிமனும் எண்ணின் தடிமனும் ஒத்துப்போகாது. எண்ணையும் சேர்த்துத்தான் எழுத்துருவை மதிப்பிட வேண்டும்.

என் தேர்வு என்ன என்று கேட்டால், திரைக்கு நிர்மலா போதும். விண்டோஸ் 8லிருந்து கூடவே வருகிறது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டதால் அதுதான் இப்போது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அச்சுக்கு விஜயாவின் தடிப்பும் மெலிவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே 12 புள்ளியில் லதாவைவிடச் சிறிதாகத் தெரியும், அளவை ஏற்ற வேண்டும். ஆப்பிள்காரர்களுக்குத் தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என், முரசு அஞ்சல் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பது. ‘வில்லி’ அதில் மிகச் சீராக ஓடும். இலவசமாக வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குப் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான். கல்யாணப் பத்திரிகையில் வருகிற நிழல் விழுந்த கொழுத்த எழுத்துகளை ஒரு தலைப்புக்கு மேல் தாங்க முடியாது.

எந்த எழுத்துருவானாலும் வரி இடைவெளியில் ‘எக்ஸாக்ட்லி’ என்பதைத் தொடாதீர்கள். இறுக்கிப் பிடித்தால் ‘லி’யின் விசிறி வெட்டுப்படும்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் மனு அடிக்க வந்த பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். “அண்ணாச்சி, இதுக்கு மேல பெருசாக்குனா இன்னொரு தாள் ஆகும்” என்றார் அடித்துக்கொண்டிருந்த பெண். “ஆகட்டும்மா. நம்ம பேரு நமக்கே தெரியணும்ல” என்று பதில் வந்தது. அந்தப் பெண் எழுத்தை 14 ஆக்கினார், ஃபான்டை மாற்றவில்லை. நானாக இருந்தால் அளவை விட்டுவிட்டு ஃபான்டை மாற்றியிருப்பேன். அகலமான லதாவில் 12 புள்ளியே அவர் கண்ணுக்குப் போதும்.

இவ்வளவும் உங்கள் மெஷினில் மட்டும்தான் செல்லும். சிவகாசி அச்சகத்துக்கு வேர்டு கோப்பாக அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால், அவர்கள் டீஃபால்ட்டில்தான் திறக்கும். சேமிக்கும் விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கிற வசதி இருக்கிறது. அதைப் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அனுப்பும் முன் முதல் பக்கத்தில் ஸ்ரீயும் தூவும் உடையாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.